உமிழ்நீரில் இல்லை இனம்!

கடந்த கால் நூற்றாண்டிற்குள் மேலை நாடுகளில் புதியதொரு வாணிகம் தோன்றித் தழைத்து, இன்று தளர்ந்தும் நிற்கின்றது. அது மாந்தனுக்கு அவன் முன்னோரை விற்கும் வாணிகம். விலை கொடுத்தால் ஒரு சிறு பெட்டி வீட்டிற்கு வரும். அதனுள் இருக்கும் குப்பியில் உமிழ்ந்து, மூடி, அஞ்சலில் திருப்பி விடுத்தால், சில கிழமைகள் கழித்து, ‘நும் முன்னோருள் இன்ன நாட்டார் இத்தனை விழுக்காடு, இன்ன இனத்தார் இத்தனை விழுக்காடு’ என்று கணக்கிட்டுக் கூறும் முடிவு வந்து சேரும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஊசுட்டன் நகரில் தொடங்கப்பெற்ற ஒரு நிறுவனம் இவ்வாணிகத்திற்குக் கால்கோள் இட்டது. 2006இல் தோன்றிய ‘23 அண்ட் மீ’ என்னும் நிறுவனம், 2007ஆம் ஆண்டில் 999 தாலருக்கு விற்ற பெட்டியை ஐந்தாண்டுகளுக்குள் 99 தாலருக்கு விற்கத் தொடங்கிற்று. விலை குறையக் குறைய வாங்குவோர் பெருகினர். 2019ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் தம் மரபணுச் செய்தியை இத்தகைய நிறுவனங்களிடம் ஒப்படைத்திருந்தனர் என்று கணக்கிடப்பட்டது.

இப்பெட்டிகள் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்துவிட்டன. இங்கு வாங்குவோர் தொகை இன்னும் பெரிதன்று. ஆயினும் வாங்காதோர் நெஞ்சிலும் அவை ஓர் அவாவை விதைத்துள்ளன. ‘தமிழன் யார் என்பதை இனி அறிவியலே சொல்லிவிடும்; குருதியை ஆய்ந்து, கலப்பற்றவன் இவன், கலப்புடையவன் இவன் என்று பிரித்துவிடலாம்’ என்னும் பேச்சு, தமிழ்ப்பற்று மிக்க இளைஞரிடையேயும் எழுகின்றது. அவ்வாறு பேசுவோருள் நன்னெஞ்சினரும் உளர். ஆனால் அப்பேச்சு தமிழியக்கத்தை எங்குக் கொண்டுபோய் நிறுத்தும் என்பதை, அப்பெட்டி பிறந்த நாட்டில் அது விளைத்த விளைவுகளைக் கொண்டு எண்ணிப் பார்த்தல் இன்றியமையாதது.

நன்மையை முதற்கண் சொல்லுதல் முறை. அமெரிக்கக் கருப்பின மக்களின் நிலையை நோக்குக. 1850, 1860ஆம் ஆண்டுகளின் குடிக்கணக்கில் அடிமைகளுக்கெனத் தனி ஏடுகள் இருந்தன. அவற்றில் உடைமையாளன் பெயர் இருந்தது. அடிமையின் அகவையும் பாலும் நிறமும் இருந்தன. அடிமையின் பெயர் மட்டும் இல்லை. விடுதலை பெற்ற அம்மக்கள் அனைவரும் பெயருடைய மாந்தராக எழுதப்பெற்றது 1870ஆம் ஆண்டுக் கணக்கிலேதான். தம் கால்வழியைத் தேடிச் செல்வோர்க்கு அவ்வாண்டு ஒரு கற்சுவர். அச்சுவரைத் துளைக்க மரபணு ஆய்வு ஓரளவு உதவியுள்ளது. ஆங்காங்கு விற்றுப் பிரிக்கப்பட்ட ஒரே குடும்பத்தின் வழியினர், ஒருவரையொருவர் அறியாதிருந்தோர், அதன் வழியே உறவு கண்டனர். அர்சென்டினா நாட்டில் 1976 முதல் 1983 வரை நடந்த கொடிய படையாட்சி, கொன்றொழித்த பெண்களின் குழந்தைகளைத் திருடி வேற்றார் வீடுகளில் வளரவிட்டது. அக்குழந்தைகளின் பாட்டிமார் கூடிப் போராடினர். பெற்றோர் மறைந்துபோன நிலையிலும் பாட்டியின் குருதியைக் கொண்டே பேரப்பிள்ளையை அறியும் முறையை, 1984 முதல் மேரி கிளேர் கிங்கு என்னும் மரபணு அறிஞர் அவர்களுக்கு வகுத்துக் கொடுத்தார். இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டனர். இது வீட்டுப் பெட்டி செய்த பணியன்று. ஆயினும் அதே அறிவியலின் பணி. பறிக்கப்பட்ட பெயரையும் உறவையும் தேடுவோரை எள்ளுதல் அறமாகாது.

ஆனால் பெட்டியை வாங்கியோருள் பெரும்பாலார் எதையும் பறிகொடுத்துத் தேடியவர் அல்லர்; பொழுதுபோக்காகவும் பிறந்தநாட் பரிசாகவும் வாங்கியவர். அவர்களுட் பலருக்கு வந்த முடிவு, வீட்டின் கமுக்கத்தை நடுக்கூடத்தில் உடைத்தது. ஐம்பது ஆண்டுகள் தந்தையென அழைத்தவர் தம்மைப் பெற்றவர் அல்லர் என்று கண்டோர் உளர். தம்மைத் தத்தெடுத்த செய்தியையே அன்றுதான் அறிந்தோர் உளர். பெயரும் முகமும் அறியாத உடன்பிறந்தார் பத்துப் பேர், இருபது பேர் எனப் பட்டியலாக வரக் கண்டோரும் உளர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மகப்பேற்று மருத்துவர் ஒருவர், தம்மை நம்பி வந்த பெண்களுக்கு அவர்கள் அறியாமல் தம் உயிரணுவையே செலுத்தியிருந்தார் என்பதை வெளிக்கொணர்ந்தவை இப்பெட்டிகளே. அவருக்குப் பிறந்தோர் தொகை தொண்ணூற்றைத் தாண்டிற்று. அக்கொடுமையைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமே இல்லாமையால், 2019ஆம் ஆண்டில் அம்மாநிலம் அதற்கெனப் புதுச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

இங்கு ஒரு வினா எழுகின்றது. தோளில் தூக்கி வளர்த்து, கல்வி கொடுத்து, நோயுற்றபோது கண்விழித்துக் காத்தவரைத் ‘தந்தையல்லர்’ என்று சொல்ல ஒரு துண்டுத் தாளுக்கு உரிமை உண்டா? ஈன்றவர் யார் என்பதை அத்தாள் சொல்லக்கூடும். உறவு யாது என்பதை அது சொல்ல மாட்டாது. ஒரு வீட்டின் உறவே வெறுங்குருதியால் ஆகாதபோது, கோடிக்கணக்கான மக்கள் சேர்ந்த ஓர் இனத்தின் உறவு குருதியால் மட்டும் எங்ஙனம் ஆகும்?

வேறொரு வினாவும் உண்டு. உமிழ்ந்த நீர் யாருக்கு உரியது? கலிபோர்னியாவில் 1970களிலும் 1980களிலும் பதின்மூவரைக் கொன்ற கொடியோன் ஒருவன் 2018ஆம் ஆண்டு ஏப்பிரலில் பிடிபட்டான். அவன் எந்தப் பெட்டியையும் வாங்கியதில்லை. அவனை இன்னான் என்றே அறியாத தொலை உறவினர் தம் முன்னோரைத் தேடிப் பதிந்து வைத்த மரபணுச் செய்தியே காவலரை அவன் வீட்டு வாயிலுக்கு அழைத்துச் சென்றது. கொலையாளி பிடிபட்டது நன்றே. ஆனால், ஒருவன் உமிழ்ந்தால் அவன் உடன்பிறந்தாரும், ஒன்றுவிட்ட உறவினரும், இன்னும் பிறவாத பேரப்பிள்ளைகளும் ஒருங்கே பதிவாகிவிடுகின்றனர் என்னும் உண்மை அன்று ஊரறிய வெளிப்பட்டது. அவ்வாண்டே வெளிவந்த ஓர் ஆய்வு, ஐரோப்பிய வழிவந்த அமெரிக்கருள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரை, அவர்கள் ஆய்வு செய்துகொள்ளாமலேயே, உறவினர் பதிவுகளின் வழியாகத் தேடிப் பிடிக்கக்கூடும் என்று காட்டிற்று. 2023ஆம் ஆண்டில் ‘23 அண்ட் மீ’ நிறுவனத்தின் பதிவேடுகளுள் கள்வர் புகுந்து, ஏறத்தாழ 69 இலக்கம் பேருடைய செய்திகளைக் கவர்ந்தனர். யூத வழியினர் என்று தனியே பிரித்தெடுத்த பட்டியலொன்று விலைபேசப்பட்டது. குருதியால் மக்களைப் பிரித்து எழுதிய பட்டியல், அவர்களை வெறுப்போர் கையில் யாதாகும் என்பதற்கு ஐரோப்பாவின் 20ஆம் நூற்றாண்டு வரலாறே போதிய சான்று. ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணுச் செய்தியைத் தன்னகத்தே வைத்திருந்த அந்நிறுவனம் 2025ஆம் ஆண்டு மார்ச்சில் நொடித்துப் போயிற்று. வழக்குமன்றத்தின் இசைவோடு அது ஏலத்திற்கு வந்து, 30 கோடியே 50 இலக்கம் தாலருக்கு, அதனைத் தோற்றுவித்தவரே தலைமை தாங்கும் மற்றோர் அமைப்பின் கைக்குச் சென்றது. முன்னோரைத் தேடி உமிழ்ந்தவர், தம் வழித்தோன்றல்களின் உடற்குறிப்பும் ஏலப்பொருளாகும் என்று எண்ணியிருப்பரோ?

இந்திய நாட்டில் இதற்குரிய காப்பு வலுவாக இல்லை. 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பெற்ற மரபணுத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டவரைவு 2023 சூலையில் திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டே நிறைவேறிய தன்மறைவுச் செய்திக் காப்புச் சட்டமும் மரபணுச் செய்தியைத் தனி வகையாகப் பிரித்துக் காக்கவில்லை. வாங்க நினைப்போர் இதனை அறிந்திருத்தல் நன்று.

இனி, அவ்விழுக்காடுகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதைக் காண்போர், அவற்றின்மேல் இனத்தைக் கட்டத் துணியார். மாந்தனின் மரபணு இழையில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. பெட்டி நிறுவனங்கள் அவையனைத்தையும் படிப்பதில்லை. ஆளுக்கு ஆள் வேறுபடும் இடங்களுள் ஏறத்தாழ 6 அல்லது 7 இலக்கம் இடங்களையே பார்க்கின்றன. பார்த்தபின், தாம் முன்னரே சேர்த்து வைத்துள்ள ஒப்பீட்டுத் தொகுதிகளோடு பொருத்துகின்றன. அத்தொகுதிகளில் இருப்போர் இற்றை நாளில் வாழ்வோர். ஈராயிரம் ஆண்டுகட்கு முன் அங்கு வாழ்ந்தவர் அல்லர். ஆகவே, ‘நும்முள் 12 விழுக்காடு இத்தாலியர்’ என்று தாள் கூறுமாயின், ‘நும் மரபணுவில் இத்துணைப் பகுதி, இத்தாலியர் என்று யாம் சேர்த்துள்ளவர்களுடையதை ஒத்திருக்கின்றது’ என்பதே அதன் முழுப்பொருள். தொகுதி மாறினால் விழுக்காடும் மாறும். நிறுவனம் தன் கணக்கைத் திருத்துந்தோறும், உமிழ்ந்தவன் மறுபடி உமிழாமலேயே அவன் பாட்டனின் நாடு மாறிவிடுகின்றது! 2019ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஒலிபரப்புக் கழகத்தின் செய்தியாளர் ஒருவரும், அவரோடு ஒரே கருவில் பிறந்த உருவொத்த இரட்டையரும் ஐந்து நிறுவனங்களுக்கு உமிழ்நீர் விடுத்தனர். ஒரே மரபணுவுடைய அவ்விருவர்க்கும் வந்த விழுக்காடுகள் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறியதோடு, ஒரு நிறுவனத்திற்குள்ளேயே ஒருவர்க்கு ஒன்றும் மற்றவர்க்கு வேறொன்றுமாகவும் இருந்தன.

இன்னும் ஒன்று. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவனுக்குரிய முன்னோர் இடங்கள் 1024. ஒவ்வொரு தலைமுறையிலும் தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியுமே பிள்ளைக்கு வருதலின், எஞ்சிய பாதி கைவிடப்படுகின்றது. அதனால் உடன்பிறந்த இருவர்க்கும் விழுக்காடு ஒன்றாக இராது. பத்துத் தலைமுறைக்கு முன்னிருந்த மெய்யான முன்னோருட் பலருடைய மரபணு ஒரு துணுக்கேனும் இன்றுள்ள வழித்தோன்றலிடம் எஞ்சாமல் போவதும் இயல்பே. முன்னோர் பலரை மறந்துவிட்ட ஒரு கணக்கு, முன்னோரைக் காட்டும் முழுக்கணக்கு ஆகுமா? நெருங்கிய உறவைக் காட்டுவதில் திறமுடைய இவ்வாய்வு, இனத்தைக் காட்டுவதில் மதிப்பீடு மட்டுமே செய்கின்றது. இவ்வேறுபாட்டை வாணிக விளம்பரம் மறைக்கின்றது.

குருதித் தூய்மையைத் தேடிச் சென்றோர் கண்டது யாது? அமெரிக்காவில் கிரெய்க் காப் என்பவர், வெள்ளையர் மட்டுமே வாழும் ஊரொன்றை அமைக்கும் நோக்குடன் வட தகோட்டா மாநிலத்தின் இலீத்து என்னும் சிற்றூரில் நிலங்களை வாங்கினார். 2013ஆம் ஆண்டில் தொலைக்காட்சி அவையொன்றில் அவருடைய மரபணு முடிவு படிக்கப்பட்டது. 14 விழுக்காடு ஆப்பிரிக்கர் என்றது அம்முடிவு. அவை நகைத்தது. அவரோ அது கணக்கின் இரைச்சல் என்று ஒதுக்கினார். அவரைப் போன்ற வெள்ளையின வெறியர் தமக்குள் எழுதிக்கொண்டவற்றைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் திரட்டி ஆய்ந்தனர். விரும்பாத முடிவு வந்தவிடத்து, ஆய்வே பொய் என்றோ, நிறுவனம் பகைவருடையது என்றோ, கண்ணாடியில் தெரியும் முகமே சான்று என்றோ கூறித் தேற்றிக்கொள்வதே அவர்களுட் பலர் வழக்கமாக இருந்தது. தூய குருதி என்பது அளக்கத் தொடங்கிய அளவிலேயே உடைந்துபோகும் பொய் என்பதற்கு, அதனைப் பெரிதும் நம்பியவர்களே சான்றாயினர்.

இதற்கு நேர்மாறான பாடமொன்றை அமெரிக்காவின் பழங்குடியினர் கற்பித்தனர். மேலவை உறுப்பினர் எலிசபெத்து வாரன், தம் குடும்பத்தில் பழங்குடிக் குருதி உண்டென்று நெடுநாள் சொல்லி வந்தார். 2018ஆம் ஆண்டு அற்றோபரில் அவர் தம் மரபணு ஆய்வு முடிவை வெளியிட்டார். ஆறு முதல் பத்துத் தலைமுறைக்கு முன் பழங்குடி முன்னோர் ஒருவர் இருந்திருத்தல் கூடும் என்றது அது. செரோக்கி நாட்டினர் அன்றே மறுமொழி கூறினர். மரபணு ஆய்வு தம் நாட்டின் குடியுரிமையை முடிவு செய்யப் பயன்படாது என்பதும், யார் தம்மவர் என்பதைத் தாமே தம் சட்டத்தால் முடிவு செய்வர் என்பதும் அதன் சாரம். அம்மறுமொழியில் ஒரு நாட்டினத்தின் தன்மானம் ஒலித்தது. அதற்கு மேலும் ஒரு படி அவர்கள் சென்றனர். செரோக்கியரிடம் ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்த கருப்பர்க்கு 1866ஆம் ஆண்டு உடன்படிக்கை குடியுரிமை வழங்கியிருந்தது. குருதியைக் காரணங்காட்டி அவர்தம் வழியினரை 2007இல் ஒரு வாக்கெடுப்பு வெளியேற்றிற்று. பல்லாண்டு வழக்குகளுக்குப் பின், 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் செரோக்கி உயர்மன்றம், ‘குருதியால்’ என்னும் சொல்லையே தம் அரசமைப்பிலிருந்து நீக்கிற்று. சிறுமைப்படுத்தப்பட்டு, 1838இல் தம் மண்ணிலிருந்தே துரத்தப்பட்ட ஒரு மக்கள், தம் சட்டத்திலிருந்த ஒரு சிறுமையைத் தாமே களைந்தெறிந்தனர்.

அவர்களை இன்று வாட்டும் கவலை குருதி பற்றியதன்று, மொழி பற்றியது. 1821ஆம் ஆண்டில் சீக்குவோயா என்னும் செரோக்கிப் பெருமகன் தம் மொழிக்கு எழுத்து வகுத்தார். சில ஆண்டுகளுக்குள் அம்மக்கள் தம் மொழியில் எழுதப் படிக்கக் கற்றனர். 1828இல் தம் எழுத்திலேயே செய்தித்தாள் அச்சிட்டனர். இன்று செரோக்கி நாட்டுக் குடியுரிமை பெற்றோர் நான்கரை இலக்கத்திற்கும் மேற்பட்டோர். 2019ஆம் ஆண்டில், தாய்மொழியாக அம்மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ ஈராயிரவரே எஞ்சியிருந்தனர். அவ்வாண்டில் செரோக்கியரின் மூன்று அரசுகளும் கூடி, மொழிக்கு நெருக்கடி நிலை அறிவித்தன. மொழியைக் காக்க 1 கோடியே 60 இலக்கம் தாலர் ஒதுக்கப்பட்டது. குருதி எஞ்சியிருக்கின்றது, பேச்சு போய்க்கொண்டிருக்கின்றது. நான்கரை இலக்கம் பேரின் உமிழ்நீரை ஒன்றாகச் சேர்த்தாலும் அதிலிருந்து ஒரு செரோக்கிச் சொல்லைப் பிழிந்தெடுக்க இயலாது!

தமிழர்க்கு இது தொலைவிலுள்ள கதையன்று. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல், 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கரும்புத் தோட்டக் கூலிகளைத் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையில் இறக்கிற்று. இந்தியப் பெருங்கடலிலுள்ள இரீயூனியன் தீவிற்கு, 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், புதுவைத் துறையிலிருந்தும் காரைக்கால் துறையிலிருந்தும் தமிழர் ஏற்றிச் செல்லப்பட்டனர். ‘மலபார்’ என்று பிறர் இட்ட பெயரால் அழைக்கப்படும் அவர்தம் வழியினர் இன்றும் தீ மிதிக்கின்றனர். ஆனால் அவர்தம் வீட்டுமொழி பிரெஞ்சும் கிரியோலும் ஆயின. தர்பன் தமிழரின் வீட்டுமொழி பெரும்பாலும் ஆங்கிலம் ஆயிற்று. அவர்களைக் குறைகூறுதல் கொடுமை. தோட்டத்துச் சவுக்கடிக்கும் வேற்றுமொழிப் பள்ளிக்கும் நடுவே மொழி பறிபோயிற்று. அவர்களுள் ஒருவர் உமிழ்ந்து விடுத்தால் ‘தென்னிந்தியா’ என்று முடிவு வரலாம். ஆனால் பாட்டியின் தாலாட்டு வராது. பாட்டன் விட்டுவந்த ஊரின் வழக்குச் சொல் ஒன்றும் வராது. அத்தீவை ஆளும் பிரெஞ்சு அரசின் சட்டப்படி இப்பெட்டியை வாங்கி ஆய்தலே குற்றம். தண்டத்தொகை 3,750 யூரோ. அங்குத் தமிழைக் கற்பிக்கும் வகுப்பறைக்கோ தடையில்லை. தம்மை மீட்க விரும்புவார்க்குத் திறந்திருக்கும் வாயில் எது என்பதை அச்சட்டமே தற்செயலாகச் சுட்டிவிட்டது.

இனி, தமிழ்நிலத்து மக்களைப் பற்றி அறிவியல் ஆய்வகங்கள் கண்டது யாது? ஐதராபாத்து உயிரணு ஆய்வு நடுவத்தினரும் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தாரும் கூடி 2009இலும் 2013இலும் வெளியிட்ட ஆய்வுகள் இருபெரும் உண்மைகளைக் காட்டின. இந்தியப் பெருநிலத்து மக்கட் கூட்டங்களுள் ஏறத்தாழ அனைத்தும், வடக்கு, தெற்கு, உயர்ந்தோர் எனப்படுவோர், தாழ்ந்தோர் எனப்படுவோர் என்னும் வேறுபாடின்றி, வெவ்வேறு அளவில் கலந்தவையே என்பது ஒன்று. அக்கலப்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை நிகழ்ந்தது. அதன்பின் தத்தம் கூட்டத்திற்குள்ளேயே மணக்கும் வழக்கம் இறுகிற்று என்பது மற்றொன்று. அஃதாவது, சாதிச்சுவர் தொன்றுதொட்டது அன்று, இடையில் எழுப்பப்பட்டது. எழுப்பப்பட்ட சுவர் இடிக்கப்படவுங் கூடும்.

எனவே, ‘என் சாதியே கலப்பற்ற தமிழ்ச் சாதி’ என்று பெட்டியைக் காட்டி எவரேனும் மார்தட்டினால், அவர் காட்டுவது தமிழின் பெருமையன்று, சாதிச்சுவரின் தடிப்பு. சிறு வட்டத்திற்குள் தலைமுறை தலைமுறையாக மணந்தவர் மரபணு தனித்துத் தெரிதல் இயல்பே. அது தூய்மையின் அடையாளமன்று, அடைப்பின் அடையாளம். பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் கோட்பாட்டையே தமிழியக்கம் ஆரியம் என்று கண்டு எதிர்த்து வந்தது. அதனை எதிர்ப்பவனே, தானும் பிறப்பை அளந்து மாந்தனை மதிப்பிடத் தொடங்குவானாயின், பகைவனின் படைக்கலத்தை எடுத்துத் தன் மார்பிலேயே பாய்ச்சிக்கொண்டவன் ஆவான்.

மொழித் தூய்மை வேறு. குருதித் தூய்மை வேறு. 1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள், வேதாசலம் என்னும் தம் பெயரை மாற்றிக்கொண்டார். தம் குருதியை மாற்றிக்கொள்ளவில்லை, மாற்ற வேண்டியும் இருக்கவில்லை. சொல்லைத் தூய்மை செய்தல் மாந்தன் உறுதிகொண்டு செய்யும் வினை. இன்று காலை ஒருவன் எண்ணினால் மாலைக்குள் பத்து வேற்றுச் சொற்களை விலக்கிப் பத்துத் தமிழ்ச் சொற்களைத் தன் நாவில் ஏற்றலாம். உழவனும் செய்யலாம், கல்லூரிப் பேராசிரியனும் செய்யலாம், எந்தக் குடியிற் பிறந்தவனும் செய்யலாம். குருதித் தூய்மையோ எவராலும் செய்யப்படுவதன்று, எங்கும் இருந்ததுமன்று. முன்னது முயற்சிக்கு உரிய பெருமை. பின்னது பிறப்பின்மேல் ஏறி அமரும் செருக்கு.

இத்தாலியில் 1680ஆம் ஆண்டில் பிறந்த பெசுகி என்பார் தமிழகம் வந்து வீரமாமுனிவர் ஆனார். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் மயங்காதவாறு எழுத்தைத் திருத்தினார், தேம்பாவணி பாடினார், 1732இல் சதுரகராதி தொகுத்தார். அயர்லாந்தில் 1814ஆம் ஆண்டில் பிறந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தால், தமிழ் தனித்தியங்கவல்லது என்பதை உலகறியச் செய்து இடையன்குடியில் அடக்கமானார். அவ்விருவரின் உமிழ்நீரையும் இப்பெட்டியில் இட்டிருந்தால் ‘தமிழ்’ என்று ஒரு விழுக்காடும் வந்திராது. மறுபுறம், முன்னோர் அனைவரும் தமிழ்மண்ணிலேயே பிறந்து மடிந்தவராக இருந்தும், தம் பிள்ளை தமிழில் எழுதத் தெரியாமல் வளர்தலைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோர் இன்றைய நகரங்களில் எத்தனை பேர்! அவர்தம் உமிழ்நீர் நூற்றுக்கு நூறு என்று சான்றளிக்கலாம். அச்சான்றை வைத்துக்கொண்டு தமிழ் என்ன செய்யும்?

பிறப்பால் தமிழனாவது ஒரு வாய்ப்பு; அவ்வளவே. அவ்வாய்ப்பைப் பெற்றவன் தமிழைப் பேசி, எழுதி, பிள்ளைக்குக் கொடுத்து, அதற்கு இழுக்கு வருமிடத்து எழுந்து நின்றாலன்றி அவ்வாய்ப்பு பயன்படாது. அவ்வாய்ப்பின்றி வந்தவனும் அவற்றையெல்லாம் செய்வானாயின் அவனை விலக்க எவர்க்கும் உரிமை இல்லை. கதவைப் பெருக்கித் திறந்த இனம் வளரும். குருதியை அளந்து கதவடைத்த இனம் தன்னுள் தானே பிளவுபட்டுச் சிறுகும். ‘தமிழன் யார்’ என்னும் வினாவை உமிழ்நீர்க் குப்பியிடம் கேட்கும் நாளில், அவ்வினாவிற்கு விடை சொல்லும் உரிமையைத் தமிழர் அயல்நாட்டு வாணிகன் ஒருவனிடம் ஒப்படைத்தவராவர். செரோக்கியர் ஒப்படைக்க மறுத்த உரிமை அது.

முன்னோரை அறியும் விருப்பம் நல்விருப்பமே. அதற்குரிய வழி வீட்டிற்குள்ளேயே இருக்கின்றது. பாட்டனும் பாட்டியும் உயிரோடிருக்கும்போதே அவர்தம் பெற்றோர் பெயரையும், அவர்க்கு முன்னோர் பெயரையும், இருந்த ஊரையும், செய்த தொழிலையும் கேட்டு ஏட்டில் எழுதி வைக்கலாம். அவர்கள் வழங்கும் வேளாண்மைச் சொல், நெசவுச் சொல், மீன்பிடிச் சொல், அடுக்களைச் சொல் ஆகியவற்றுள் எந்த அகரமுதலியிலும் ஏறாதவை நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு முதியோரின் மறைவோடும் அவற்றுட் சில மண்ணுக்குள் போகின்றன. பெட்டிக்குக் கொடுக்கும் பணத்திற்கு நூறு ஏடுகள் வாங்கலாம். ஓர் ஊரின் சொற்களையே திரட்டிவிடலாம். உமிழ்நீர் அடுத்த தலைமுறையிலும் சுரக்கும். அதற்கு எவர் உதவியும் வேண்டுவதில்லை. தமிழோ கற்பித்தால் மட்டுமே அடுத்த தலைமுறையின் நாவில் இருக்கும். தமிழ் உணர்வாளர் தம் அளவுகோலை எங்கு வைத்தல் வேண்டும் என்பதை இதனைக் கொண்டு துணிக!